முப்பதில் ஒரு பங்கு

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம்
கல்யாண ஆல்பம் போடும் நயாஸ் பாஷா
இரண்டு பழைய லென்ஸை மேசையில் வைத்தார்.
ஒன்று நீளம். இழுத்தால் இன்னும் நீளும்.
தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனால்
ராகிக் கொல்லையில் இறங்கும் யானையை
ரோட்டில் நின்றபடியே எடுக்கலாம் என்றார்.
இன்னொன்று குட்டை. ஐம்பது எம்எம்.
டீக்கடை பன் அளவு, இழுக்க எதுவும் இல்லை.
கிட்டே வேணுமா, நீங்கதான் கிட்டே போகணும்.

டார்ச் அடித்துப் பார்த்தேன்.
குட்டைக்குள் ஓரமாய் ஒரு வெள்ளை நூல்.
பூஞ்சை.
ராயக்கோட்டை மண்டியில் ஏழு வருஷமாய்
தக்காளிக்கு எடைச்சீட்டு எழுதுகிறவளிடம்
அதை மறைக்க முடியாது.
பூஞ்சை கண்ட பெட்டி பாதி விலை பாய், என்றேன்.
லென்ஸ் தக்காளி இல்லைம்மா.
பக்கத்தில் வைத்தால் இதுவும் பரவும்தானே.
சிரித்துவிட்டார். மூவாயிரத்து இருநூறு.
யானை காட்டிலேயே இருக்கட்டும்.

அப்பெர்ச்சர் புரிய ஒரு மாதம் ஆனது.
எண் குறையக் குறையத் துளை பெரிதாகுமாம்.
இருபத்திரண்டு என்றால் ஊசிக்கண்,
ஒன்று புள்ளி எட்டு என்றால் கிணறு.
ஏன் இப்படித் தலைகீழாய் வைத்தார்கள் என்று
சீட்டுக்குச் சீட்டு யோசித்தேன்.
பிறகு ஆடியில் ஒரு வாரம்
கிலோ முப்பது ரூபாயிலிருந்து நாலுக்கு வந்தது.
விலை குறையக் குறைய
சூளகிரி ரோட்டோரத்தில் கொட்டிய குவியல் பெரிதானது.
அதற்குமேல் அந்தக் கணக்கை எனக்கு
யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஐஎஸ்ஓ இன்னும் எளிது.
விடிகாலை நாலு மணி, ஒற்றை டியூப்லைட்,
ஆறாயிரத்து நானூறில் வைத்து எடுத்தால்
படமெங்கும் ராகி மாவு தூவினாற்போல்.
பெட்டி அடுக்கும் கெம்பம்மா தன் முகத்தைப் பார்த்து
எனக்கென்ன அம்மையா போட்டிருக்கு என்றாள்.
அழிக்கச் சொன்னாள்.
அழித்துவிட்டேன் என்று சொன்னேன்.

ஷட்டர்தான் வம்பில் கொண்டுபோய் விட்டது.
பத்து மணி வெயில்.
சென்னப்பன் பெட்டியை எடைமேடையில் வைத்தார்,
இருபத்தெட்டு கிலோ நானூறு.
அவரும் தராசும் சேர்ந்து தெளியட்டும் என்று
துளையை எட்டுக்குச் சுருக்கி,
எதுவும் அசையாமல் வரட்டும் என்று
ஆயிரத்தில் ஒரு பங்கில் அழுத்தினேன்.
காதோர வியர்வைத் துளிகூட நின்றுவிட்டது.
தராசின் சிவப்பு எண்ணில் மட்டும்
இரண்டைக் காணோம், புள்ளிக்கு அப்புறம் எதையும் காணோம்.
எட்டு ஒண்டியாய் எரிகிறது.

எட்டிப் பார்த்தார்.
"பாத்தியா, நான் சொன்னா யாரு நம்புறீங்க.
உங்க தராசு திங்குது."
கேமரா என் கழுத்தில், வார் அவர் கையில்.
கமிஷன் கடை முனிராஜிடம் அவர் போக
நானும் பின்னாலேயே போனேன்.

எண்கள் எல்லாம் ஒன்றாய் எரிவதில்லை,
ஒன்று அணைந்து ஒன்று எரியும்,
நம் கண்ணுக்குத்தான் நின்று எரிவதாய்த் தெரியும்,
கேமரா அவசரப்பட்டால் ஒன்றுதான் சிக்கும்.
முந்தின ராத்திரி படித்ததைச் சொன்னேன்.
சொல்லும்போது எனக்கே பொய்போல் இருந்தது.
முனிராஜ் கேட்டார், படம் புடிக்கவா சம்பளம்?
சென்னப்பன் சொன்னார், அப்ப மெதுவா எடு.

முப்பதில் ஒரு பங்கு.
முழங்கையை விலாவோடு ஒட்டி
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
எல்லா எண்ணும் வந்தது.
இருபத்தெட்டு, புள்ளி, நாலு, சைபர், சைபர்.
பெட்டி தெளிவு.
மேல் வரிசைப் பழத்தில் வாடாத காம்பு தெளிவு.
அதற்குள் ஏலக்காரர் நாலு ரூபா என்று கத்த
சென்னப்பன் திரும்பிவிட்டார்.
சட்டை நிறத்தில் ஓர் இழுப்பு.
கை இருந்த இடத்தில் பின்னாலிருந்த லாரி தெரிகிறது.

இரண்டு படத்தையும் வைத்திருக்கிறேன்.
ஒன்றில் ஆள் சரி, எடை தப்பு.
இன்னொன்றில் எடை சரி.